பச்சப்புள்ளைக்குப் பத்துப் பெட்டி சாமான்

எலேய் பேராண்டி, அந்த போனைக் கீழ வச்சிட்டு இப்படி வந்து உக்காரு. வார வெள்ளியோட புள்ளைக்கு 6 மாசம் முடியுதாம்லா. மொத மொத சோறு குடுக்கப் போறியளாம். ரொம்ப சந்தோசம். அதுக்கு என்னத்துக்குலே வாசல்ல இத்தனை அட்டைப் பெட்டி எறங்குது? உன் கல்யாணத்துக்குக் கூட இவ்வளவு சாமான் எறங்கலையே.

ஒண்ணொண்ணா பிரிச்சுப் பார்த்தேன். தானே வேக வச்சுத் தானே அரைக்கிற மெஷினு ஒண்ணு. பல்லு மொளைக்காத ஒரு வாய்க்கு அஞ்சு நெறத்துல ரப்பர் கரண்டி. மேசையோட ஒட்டிக்கிட்டுப் புடுங்குனாலும் வராத கிண்ணம். புள்ள கையில கெடைச்சது கீழ விழத்தான்லே செய்யும், அதைத் தடுக்க மனுசனுக்கு என்ன வைராக்கியம்! பெல்ட்டு வச்ச நாற்காலி வேற. அது இருந்துட்டுப் போகட்டும், விழாம இருந்தாச் சரி. ஆனா பைக்குல ஹெல்மெட்டு போடச் சொன்னா கழுத்து வலிக்குதுங்குற பய, கஞ்சி குடிக்கிற புள்ளைக்கு பெல்ட்டு தேடுதியே, அதைத்தான் ரசிச்சுக்கிட்டு இருக்கேன்.

பெறவு அந்த அட்டவணை. பிரிஜ்ஜு மேல ஒட்டி வச்சிருக்கே பாரு, அது. திங்கக்கெழம அவகாடோ, செவ்வாக்கெழம புளூபெரி, புதங்கெழம கீனுவா. அவகாடோன்னா என்னன்னு கேட்டா வெண்ணெய்ப்பழங்கே. அது எனக்குத் தெரியும்டே. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள்ள நிக்கும். நல்ல பழந்தான், கெடைச்சாக் குடு. கீனுவாங்கிறது தென் அமெரிக்காவுல ஆண்டீஸ் மலையில வெளையுற தானியமாம். அந்த ஊர்க்காரன் அவன் புள்ளைக்கு அவன் மலையில வெளைஞ்சதைக் குடுக்கான். அவனுக்குப் புத்தி இருக்கு. அவனைப் பார்த்து நீ கத்துக்கிட வேண்டியது கீனுவாவையா, அந்தப் புத்தியையா?

உங்க வீட்ல எப்ப ஆரம்பிக்கணும்னு ஒரு பட்டிமன்றம் ஓடுச்சு. திண்ணையில படுத்திருந்தாலும் காது கேக்கும்லா. உன் மாமியா நாலாம் மாசமே ஆரம்பிச்சிருக்கணும்ங்காக. உன் குரூப்புல ஒருத்தி எட்டாம் மாசம் வரைக்கும் பொறுக்கணும்ங்கா. நான் சொல்லுதேன், கேளு. முந்தியெல்லாம் உலக சுகாதார நிறுவனத்துக்காரனே நாலுல இருந்து ஆறு மாசத்துக்குள்ளன்னு பட்டும் படாமத்தான் சொல்லிக்கிட்டு இருந்தான். 2001-ல ஜெனீவாவுல எல்லா நாட்டுக்காரனும் கூடிப் பேசி முடிவு கட்டுனான். 6 மாசம் முடிய வெறும் தாய்ப்பால், அதுக்குப் பொறவு மத்த சாப்பாடு, அதோட 2 வயசும் அதுக்கு மேலயும் பால். தண்ணி கூட அந்த 6 மாசத்துக்கு வேண்டாம்னுட்டான். எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கியா? கடைசி மக வயித்துப் பேத்தி நர்ஸுக்குப் படிக்கால்லா. லீவுக்கு வந்தா எனக்குத்தான் பாடத்தை ஒப்பிப்பா. நான் தலையாட்டுனாப் பரீச்சையில பாஸாம்.

நம்ம ஊர்ல பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஆம்பளப் புள்ளைக்கு ஆறாம் மாசம், பொம்பளப் புள்ளைக்கு அஞ்சு இல்லன்னா ஏழுன்னு நாள் குறிப்பாக. குருவாயூருக்குத் தூக்கிட்டுப் போயி சோறூட்டிட்டு வாரவுக இன்னைக்கும் உண்டு. போயிட்டு வா, சாமி வேண்டாம்னா சொல்லுது? ஆனா ஆறாம் மாசம் பொறந்தாப் போதாது, ஆறும் முடியணும். ஆம்பளையா பொம்பளையான்னு பசிக்கு ஒண்ணும் தெரியாது. நாளு, நேரம், ராகுகாலத்தை விடப் புள்ளையப் பாரு. கழுத்து நிக்குதா? முதுகுக்கு முட்டுக் குடுத்தா உக்காருதா? நீ தோசை பிய்க்கையில உன் கையவே பார்த்துக்கிட்டு வாயைத் தொறக்குதா? வச்சதை நாக்கால வெளிய தள்ளாம உள்ள இழுக்குதா? அப்பச் சரி. இதைச் சொல்லுறதுக்கு ஒரு ஆப்பாம், அதுக்கு மாசச் சந்தாவாம்.

ஏன் 6 மாசம்னு கேளேன். கேக்கமாட்டே, கரண்டி நெறம் பாக்கதுலயே நேரம் போயிரும். வயித்துல இருக்கும்போதே புள்ள ஆத்தாகிட்ட இருந்து இரும்புச்சத்தை வாங்கிச் சேத்து வச்சுக்கிட்டுத்தான் வெளிய வருது. அந்த இருப்பு ஏறக்குறைய ஆறு மாசம் தாங்கும். தாய்ப்பாலு பெரிய சங்கதிதான், ஆனா அதுல இரும்பு லிட்டருக்கு அரை மில்லிகிராம் கூடத் தேறாது. இருப்பு தீருற நேரமும் பல்லுக்கு முந்தி ஆசை மொளைக்குற நேரமும் ஒண்ணா வருது பாத்தியா. ஆண்டவன் கணக்குப்புள்ள வேலையும் பாப்பான் போல.

இங்கதான் எனக்கு உன்னைய நாலு வார்த்தை கேக்கணும். 2019-ல இருந்து 2021 வரைக்கும் சர்க்கார் வீடு வீடாப் போயி ஒரு கணக்கு எடுத்துச்சு. இந்தியாவுல 6 மாசத்துல இருந்து 5 வயசுக்குள்ள இருக்குற புள்ளைகள்ல 100-க்கு 67 பேருக்கு ரத்தசோகையாம். எல்லாம் இல்லாதபட்ட வீட்டுப் புள்ளைகள்னு நெனைக்கியா? போன ஞாயித்துக்கெழம உன் வீட்ல ஆட்டு ஈரல் வறுத்தாக. வாசம் தெருமுனை வரைக்கும் வந்துச்சு. அடுத்த வாட்டி ஒரு துண்டை நல்லா வேக வச்சு நசுக்கிச் சோத்தோட பெசைஞ்சு குடுக்கலாம்லாடேன்னு கேட்டா, அய்யய்யோ அதெல்லாம் செரிக்காது தாத்தாங்கே. இரும்பு யாருக்கு வேணும், உனக்கா அதுக்கா? பந்திக்கு முந்துங்குற பழமொழியைத் தொட்டில்ல கெடக்குறவன்கிட்டக் கூட நீ விட்டுக்குடுக்கலையே. முட்டை, மீன், கறி இதுல ஏதாவது ஒண்ணைத் தெனப்படி சாப்பாட்டுல சேக்கணும்னு 2023-ல அந்த உலக சுகாதார நிறுவனத்துக்காரன் புதுசா எழுதி வச்சிருக்கான். தூத்துக்குடிச் சாளை மீனை முள்ளுப் பார்த்து எடுத்துக் குடுத்தா அதை விடக் கொழுப்பும் சத்தும் எந்த டப்பாவுல இருக்கு? முள்ளு எடுக்கத்தான் பொறுமை வேணும். அதை அமேசான்ல விக்கல.

கறி மீனு பொழங்காத வீடா? இருக்கவே இருக்கு பருப்பு, பயறு, முருங்கைக்கீரை. கீரையில உள்ள இரும்பு வயித்துல லேசுல ஒட்டாது. கூட நாலு சொட்டு எலுமிச்சையோ, ஒரு கொய்யாத் துண்டோ சேந்தா ஒட்டும். சோறு குடுத்த கையோட டீயை மட்டும் ஊத்திப்புடாதே. சிரிக்காத. ஒரு வயசு திகையாத புள்ளைக்கு டீயில பிஸ்கட்டை முக்கிக் குடுக்குற வீடு நம்ம தெருவுலயே இருக்கு.

சரி, மொத மொத என்னத்தைக் குடுக்க? உன் அடுப்புல என்ன கொதிக்கு? சோறும் பருப்பும்தான? உப்பு போடுறதுக்கு முந்தி ஒரு கரண்டி தனியா எடு. கொழைய வேக வை. கையால மசி. ரெண்டு சொட்டு நெய்யோ நல்லெண்ணெயோ விடு. முடிஞ்சு போச்சு. இதுக்கு மெஷினு என்னத்துக்குலே? உனக்குக் கை இருக்கு, கையைக் கழுவச் சோப்பு இருக்கு.

ஆனா கெட்டியா இருக்கணும். இதுல மட்டும் நான் சண்டைக்காரன். நம்ம வீடுகள்ல ஒரு பழக்கம் உண்டு, பருப்புத் தண்ணின்னு. பருப்பை வேக வச்சு, மேல தெளிஞ்ச தண்ணியைப் புள்ளைக்கு ஊத்திட்டு, கீழ கெடக்குற பருப்பைப் பெரியவுக குழம்பு வச்சுத் தின்னுருவாக. கேட்டா சத்தெல்லாம் தண்ணியில எறங்கிருச்சாம். அப்படியே வச்சுக்கிடுவோம். அப்போ நீ தண்ணியைக் குடி, பருப்பைப் புள்ளைக்குக் குடு. சம்மதமா? 7 கிலோ புள்ள வயித்துல ஒரு வேளைக்கு 200 மில்லி சொச்சந்தான் கொள்ளும். அதுல தண்ணியை நெரப்பிட்டா சோறு எங்க போயி உக்காரும்? கரண்டியைச் சாய்ச்சுப் பாரு. சட்டுன்னு வழிஞ்சு ஓடுச்சுன்னா அது கஞ்சித் தண்ணி. கொஞ்ச நேரம் கரண்டியிலயே நின்னா அது சாப்பாடு.

கெட்டியாக் குடுத்தா முழுங்க முடியாதே தாத்தாங்கே. நல்ல கேள்வி கேட்டே, இப்பத்தான் ஒரு நல்ல கேள்வி. கேப்பையை ஊற வச்சு, துணியில கட்டி மொளைக்க விட்டு, நெழல்ல காய வச்சு, லேசா வறுத்துத் திரிச்சு வைப்பா உங்க ஆச்சி. ஏன்னு கேட்டா, எங்க ஆத்தா செஞ்சா நானும் செய்யுதேன்பா. அவளுக்குக் காரணம் தெரியாது. காரணம் தெரிஞ்ச ஒருத்தி பரோடாவுல இருந்தா, தாரா கோபால்தாஸுன்னு. 1980-கள்ல அந்த அம்மாவும் கூட இருந்தவுகளும் இதையே ஆராய்ச்சி பண்ணிக் காட்டுனாக. தானியம் மொளைக்கையில அதுக்குள்ள ஒரு நொதி ஊறுது. அந்த மாவுல ஒரு ஸ்பூனைக் கெட்டியான சூடான கூழுல கலந்தாப் போதும், மாவுச்சத்தை அது ஒடைச்சுவிட்டு, தண்ணி ஊத்தாமலே கூழு எளகிரும். தானியம் கொறையாது, முழுங்கவும் லேசு. ஆச்சி கையில இருந்த வித்தையை ஒரு படிச்ச பொம்பள மதிச்சு, அளந்து, எழுதி வச்சா. அதுதான்லே படிப்பு. நீ என்னடான்னா அதே மொளைகட்டுன கேப்பை மாவை, ஆர்கானிக்குன்னு இங்கிலீசுல எழுதி ஒரு இங்கிலாந்துக்காரன் பேரு வச்ச டப்பாவுல வாங்கிட்டு வந்து ஆச்சிகிட்டயே, இது புதுசு ஆச்சின்னு காட்டுதே. அவ ஒண்ணும் சொல்லல. உன் மேல உள்ள பாசம் அப்படி.

கேப்பையில சுண்ணாம்புச்சத்தும் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல இருக்கு. நாகர்கோயில் பக்கம் போனா ஏத்தங்காயை அரிஞ்சு காய வச்சுப் பொடிச்சுக் காய்ச்சிக் குடுப்பாக. வயித்துக்கு எதமா இருக்கும். ஆனா அதையே மூணு வேளையும் ஒரு வருசத்துக்குக் குடுத்தா நானே கோவிச்சுக்கிடுவேன், புள்ள கோவிக்காதா? அங்கன்வாடியில 6 மாசத்துல இருந்தே சத்துமாவு குடுக்காக. கோதுமை, மொளைகட்டுன கேப்பை, கடலைப்பருப்பு எல்லாம் போட்டது. அதுல வெல்லமும் உண்டு, அதையும் மறைக்காமச் சொல்லிப்புடுதேன். போயி வாங்க உனக்குக் கௌரவம் கொறைச்சல். உன் வீட்டுப் பாத்திரம் கழுவுறவ வாங்கிட்டுப் போறா. அவ புள்ளையப் பாத்தியா? உன் வாசல்லதான் தவந்துக்கிட்டுத் திரியுது.

எவ்வளவு குடுக்கன்னு கேக்கியா? மொதல்ல ரெண்டு மூணு ஸ்பூன். பெறவு கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டி அரைக் கிண்ணம், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வேளை. 9 மாசத்துக்கு மேல மூணு நாலு வேளை. அதுக்குள்ள மசிக்கிறதைக் கொறைச்சு, வெரலால நசுக்குனா நசுங்குற பதத்துக்கு வந்துரணும். ரெண்டு வயசு வரைக்கும் மிக்ஸியில அரைச்சே ஊட்டுனா அது எப்பத்தான் மெல்லப் பழகும்? ஒரு வயசுல உன் தட்டுல உள்ளதைத் திங்கணும். தட்டுல என்ன இருக்குன்னு அப்பத்தான் உனக்கும் கவலை வரும். வரட்டும், நல்லதுதான்.

இப்ப அந்த டப்பா சங்கதி. 1867-ல சுவிட்சர்லாந்துல ஒருத்தன் பாலையும் கோதுமை மாவையும் சர்க்கரையையும் சேத்துக் காய வச்சு வித்தான். அன்னைக்குத் தாயில்லாப் புள்ளைக்கு அது உசுரு குடுத்திருக்கும், குத்தம் சொல்லல. ஆனா யாவாரம்னு வந்தாத் தாயுள்ள புள்ளையவும் விடமாட்டான்லா. அதனால நம்ம சர்க்கார் 1992-ல ஒரு சட்டம் போட்டுச்சு, 2003-ல அதை இன்னும் இறுக்குச்சு. 2 வயசுக்கு உட்பட்ட புள்ளைக்குண்டான டப்பா உணவுக்கு வெளம்பரமே கூடாது. டாக்டருக்கும் நர்ஸுக்கும் பரிசு, எனாம் எதுவும் குடுக்கக்கூடாது. டப்பா மேல புள்ள படம், ஆத்தா படம் எதுவும் போடக்கூடாது. அதுக்குத்தான் அந்த டப்பாவுல பழத்தையும் கோதுமைக் கதிரையும் வரைஞ்சு வச்சிருக்கான். நீ என்னமோ ரசனைன்னு நெனைச்சே.

2024-ல அதே சுவிட்சர்லாந்துல பப்ளிக் ஐன்னு ஒரு அமைப்பு, டப்பாக்களை வாங்கிச் சோதிச்சுப் பார்த்துச்சு. இந்தியாவுல விக்கிற ஒரு பெரிய கம்பெனியோட மாவுல ஒரு வேளைக்கு ஏறக்குறைய 3 கிராம் சர்க்கரை சேத்திருந்துச்சாம். அவன் ஊர்ல அவன் விக்கிறதுல சேக்கலையாம். நாங்க கொறைச்சுக்கிட்டுத்தான் வாரோம்னு கம்பெனி பதில் சொல்லிச்சு. கொறைக்கட்டும். நீ மட்டும் யோக்கியமா? சப்புன்னு இருக்கே, பாவம்னு ஒரு ஸ்பூன் சீனியை நீயே போடுவியே. சப்புன்னு இருக்குறது உன் நாக்குக்குலே. அதுக்கு இதுக்கு முந்தி தின்ன பழக்கமே இல்ல, எது சப்பு எது ருசின்னு அதுக்கு யாரு சொன்னா? ஒரு வயசு வரைக்கும் உப்பும் வேண்டாம், சீனியும் வேண்டாம், நாட்டுச் சர்க்கரைன்னு பேரை மாத்திக்கிட்டு வந்தாலும் வேண்டாம்.

அடுத்தது உன்னோட அலர்ஜி பயம். ஒரு புதுச் சாப்பாடு குடுத்தா மூணு நாள் காத்திருந்து பாக்கணும்னு சட்டம் வச்சிருக்கே. விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு நாங்க வேற காரணத்துக்குச் சொன்னோம். கத்திரிக்காய்க்கு மூணு நாள், பூசணிக்காய்க்கு மூணு நாள்னு போனா உன் புள்ளைக்கு ரசஞ்சோறு கெடைக்கக் கல்யாணமே ஆயிரும். முட்டை, கடலை, பாலு, மீனு, கோதுமை, அந்தச் சாமான்களுக்கு மட்டும் ஒண்ணொண்ணா, கொஞ்சமா, பகல் வேளையில குடுத்துப் பாரு.

கடலைக்கு ஒரு கதை இருக்கு. 2000-ல அமெரிக்கக் குழந்தை டாக்டருங்க சங்கம், ஆபத்துள்ள வீட்டுப் புள்ளைக்கு 3 வயசு வரைக்கும் வேர்க்கடலையே காட்டாதியன்னு சொல்லிச்சு. 2008-ல அந்தப் பேச்சை வாபஸ் வாங்குச்சு. அதே வருசம் ஒரு கணக்கு வெளிய வந்துச்சு. லண்டன்ல வளருற யூதப் புள்ளைகளுக்குக் கடலை அலர்ஜி, இஸ்ரேல்ல வளருற புள்ளைகளை விட ஏறக்குறைய 10 மடங்கு. ரெண்டும் ஒரே வம்சம். என்ன வித்தியாசம்னா இஸ்ரேல்ல பல்லு மொளைக்க முந்தியே பாம்பான்னு ஒரு கடலைப் பொரியைச் சப்பக் குடுத்துருதாக. கிடியன் லாக்குங்குற டாக்டரு விடல. 640 புள்ளைகளைச் சேத்து, பாதிக்குச் சின்ன வயசுலயே கடலை, பாதிக்குக் கண்ணுல காட்டாமன்னு வச்சு, 5 வயசுல பார்த்தாரு. ஒதுக்குனதுல 100-க்கு 17 பேருக்கு அலர்ஜி. தின்னதுல 3 பேருக்கு. 2015-ல இது வந்தப்பொறவு டாக்டருங்க பேச்சே தலைகீழாயிருச்சு. கோவில்பட்டிக்காரன் கடலையப் பார்த்துப் பயந்தான்னு வெளிய சொல்லாதே, கேவலம். ஆனா புள்ளைக்கு மேலெல்லாம் கடுமையான கரப்பான் இருந்தாலோ, முட்டை ஒத்துக்கிடாம இருந்தாலோ டாக்டர்கிட்டக் கேட்டுட்டுக் குடு. கடலைன்னா மாவா அரைச்சு, கூழுல கொழைச்சு. முழுசா இல்ல.

முழுசுன்னதும் சொல்லிக்கிடுதேன், இதுல வெளையாட்டே கெடையாது. முழுக் கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, பாப்கார்னு, ஈச்சங்கொட்டை, கல்லாட்டம் வெரைச்ச கேரட்டுத் துண்டு, எதுவும் கை எட்டுற தூரத்துல கெடக்கக்கூடாது. புள்ள இருமிக் கக்கிக் கண்ணுல தண்ணி விட்டா நீ பதறாதே, அது வழியைப் படிக்குது. சத்தமே வராம மூச்சுத் திணறுனாத்தான் ஆபத்து. அப்ப என்ன செய்யணும்னு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில போயிக் கத்துக்கிட்டு வாங்க. மெஷினு வாங்கப் போன நேரத்துல அதைச் செஞ்சிருக்கலாம்.

என்ன, மாமியாவைப் பார்த்துச் சிரிக்கே? அவுகளுக்கும் வச்சிருக்கேன். பொறந்த அன்னைக்கே சேனை வைக்கணும்னு சீனித்தண்ணியும் தேனும் தொட்டு வச்சதும், சீம்பாலைப் பீச்சி வீணாக்குனதும் நம்ம பெரிய மனுசிகதான். தேன் சுத்தமானதுதானன்னு கேப்பாக. மலைத்தேனா இருந்தாலும் சரி, குறவன் கையால நேர வாங்குனாலும் சரி, தேன்ல ஒரு கிருமியோட வித்து கெடக்கலாம். நம்ம வயித்துல அது ஒண்ணும் செய்யாது. ஒரு வயசுக்குள்ள உள்ள கொடலுல மொளைச்சு வெசம் கக்கும். கை கால் தொவண்டு, பாலு குடிக்க முடியாம, மூச்சே நின்னு போகும். வசம்பைச் சுட்டு உரசி நாக்குல தடவுறதும், உர மருந்து ஊத்துறதும், கழுதைப் பாலு தேடி அலையுறதும் அந்தக் கணக்குலதான் சேரும். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான்னு பேரு வச்சது யாரோ, அவனைப் பார்த்தாக் கேக்கணும், பிள்ளையை வளத்தது வசம்பா, ஆத்தாவான்னு. ஆக பழசுன்னா எல்லாம் தங்கம்னு நான் சொல்லவே இல்ல. அப்படி எழுதி போன்ல ஒருத்தன் அனுப்புனான்னா, அவன் எண்ணெயோ மாவோ விக்கிறவனாத்தான் இருப்பான்.

கடைசியில ஊட்டுற கூத்து. உன் வீட்ல ஒரு வாய்ச் சோத்துக்கு ஆறு பேரு நிப்பிய. ஒருத்தி டப்பாவைத் தட்டுவா, ஒருத்தன் காக்கா மாதிரிக் கத்துவான், நீ போன்ல பொம்மைப் படம் காட்டுவே, அது வாயைப் பொளக்குற நேரம் பார்த்து உன் வீட்டுக்காரி கரண்டியைத் திணிப்பா. புள்ள தலையைத் திருப்புனா வேண்டாம்னு அர்த்தம். அதுக்குத் தெரிஞ்ச ஒரே பாஷை அது. அதையும் மதிக்கலைன்னா பெறவு எப்படிப் பேசும்?

கிளாரா டேவிஸுன்னு அமெரிக்காவுல ஒரு டாக்டரம்மா 1920-கள்ல ஒரு கூத்துப் பண்ணிப் பார்த்தா. பால்குடி மறக்குற வயசுல 15 புள்ளைக. 34 வகைச் சாப்பாடு. கறி, ஈரல், எலும்பு மஜ்ஜை, முட்டை, பாலு, பழம், காய், தானியம். ஒரு வேளைக்குக் கொஞ்சம் வகையைத் தட்டுல வச்சுக் கொண்டு போயி வைப்பாக. நர்ஸு கரண்டியோட பக்கத்துல உக்காந்திருப்பா. புள்ள கைநீட்டுனாக் குடுக்கணும். அது நீட்டாம இவ நீட்டக்கூடாது, தின்னுன்னு சொல்லக்கூடாது, மொகத்தைச் சுளிக்கக்கூடாது. என்ன ஆச்சுன்னா, ஒருத்தன் காலையில ஆரஞ்சுச் சாறும் ஈரலும் அடிக்கான். ஒருத்தன் ராத்திரிக்கு முட்டையா அடுக்குதான், மேல ரெண்டு வாழைப்பழம். ஒரு நாள் கணக்கைப் பார்த்தாப் பைத்தியம் புடிச்சிரும். மாசக் கணக்குல பார்த்தா எல்லாப் புள்ளையும் நல்லா வளந்துச்சு. எலும்பு வளைஞ்ச நோயோட வந்த ஒரு பய, மீன் எண்ணெயை அவனாக் குடிச்சுத் தேத்திக்கிட்டு, சரியானதும் அவனா நிறுத்திட்டான். உடனே நீ என்ன செய்வே? அப்பப் புள்ளைக்கு எல்லாம் தெரியும்னு சிப்ஸு பாக்கெட்டையும் சாக்லேட்டையும் முன்னால வைப்பே. அந்தம்மா கெட்டிக்காரி. அந்த 34-லயும் சீனி கெடையாது, பொரிச்சது கெடையாது, டப்பாவுல வந்தது கெடையாது. தட்டுல என்ன வைக்கணும்னு அவ முடிவு பண்ணுனா. எம்புட்டுன்னு புள்ள முடிவு பண்ணுச்சு.

கையால அளைஞ்சுச்சுன்னா அளையட்டும். மேலெல்லாம் பூசுனாப் பூசட்டும். பாண்டியன் அறிவுடை நம்பின்னு ஒரு ராசா, நெய்ச்சோத்தை மேலெல்லாம் அப்பிக்கிட்டு நிக்கிற புள்ளையப் பத்திப் பாடினது புறநானூத்துல இருக்குன்னு எங்க தமிழ் வாத்தியாரு சொல்லுவாரு. அவ்வளவு பெரிய அரமனையில வேலைக்காரனுக்கா பஞ்சம்? துடைக்கச் சொல்லாம நின்னு பார்த்திருக்கான். இப்ப 2008-ல இங்கிலாந்துல ஜில் ராப்லிங்குற நர்ஸம்மா, புள்ளைய அது கையாலயே திங்க விடுங்கன்னு புஸ்தகம் போட்ட பொறவுதான் உனக்கு அது நியாயமாத் தெரியுது. போகட்டும், அந்தம்மா சொன்னாலும் நியாயம் நியாயந்தான். ஆனா அதுக்குத் தரையில விரிக்க ஒரு ரப்பர் பாய், புள்ளைக்கு மழைக்கோட்டு, அதை வேற போட்டோ புடிக்க லைட்டு.

மறுநாள் ஒண்ணு நடக்கும், இப்பவே சொல்லி வைக்கேன். பீட்ரூட் குடுத்திருந்தா செவப்பா வரும். கீரை குடுத்திருந்தாப் பச்சையா வரும். கேரட்டுத் துணுக்கு போன வழியே முழுசா வந்து சேரும். நாத்தமும் பாலு குடிக்கையில இருந்தது இருக்காது, குடும்பத்து நாத்தம் வந்துரும். ராத்திரி பன்னெண்டு மணிக்கு டாக்டரை எழுப்பாதே, அந்த மனுசனுக்கும் வீட்ல புள்ளை இருக்கும். கல்லா இறுகி முக்கிக்கிட்டு இருந்தாலோ, தண்ணியாப் பலவாட்டி போனாலோ, ரத்தம் தெரிஞ்சாலோ கூப்பிடு, தப்பில்ல. ஆனா அதைப் போட்டோ புடிச்சு, இது நார்மலான்னு கேட்டுக் குடும்பக் குரூப்புல போட்டிராதே. நான் அந்த நேரத்துலதான் கருப்பட்டிக் காப்பி குடிப்பேன்.